மூன்றாம் பக்கம், ஐந்தாம் வரி

மாவட்டக் கல்வி இலாகா முத்திரையோடு வந்தது,
நாற்பத்திரண்டு பக்கம், மலாயில்.
பிரிண்டரில் மை தீர்ந்து
கடைசி ஏழு பக்கம் சாம்பல்.
துளை போட்டுக் கோப்பில் மாட்டி
முதுகில் எண் எழுதினேன்.
பள்ளிக் கிராணியின் வேலை
அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முதலில் மாறியது கதவு.
விளையாட்டுச் சாமான் அறைக்கு வெளியே நின்றால்
உள்ளே தெரியவேண்டுமாம்.
அதற்கு ஒதுக்கீடு இல்லை.
பழைய அறிவிப்புப் பலகையின் கண்ணாடியைப்
பாக் சமாட் அறுத்துப் பொருத்தினார்.
ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது
யாரோ ஒரு பிள்ளையின் ஏழு ஏ.

பிறகு வருகைப் பதிவேடு.
பெயர், அடையாள அட்டை எண், வந்த நேரம், போன நேரம்.
கோயில் தலைவர் முகம் சுளித்தார்:
"என்னையே சந்தேகப்படுறீங்களா?"
"எல்லாரையும்தான் ஐயா,"
என்று பேனாவை நீட்டினார் அமிர்தவல்லி டீச்சர்.
தலைமையாசிரியையின் பெயர்தான்
அந்தப் பதிவேட்டில் முதல் வரி.

ஒரு சனிக்கிழமை, ஊலு தெம்பாகா நகர மண்டபத்தில் பயிற்சி.
நாசி லெமாக் பொட்டலம் பிரித்த விரலோடு
மூன்றாம் பக்கத்தில், ஐந்தாம் வரிக்குக் கீழே
பென்சிலால் கோடிட்டேன்:
இரகசியம் காப்பதாகப் பிள்ளைக்கு வாக்குத் தராதே.
எண்ணெய்க் கறையும் கோடும்
ஒன்றாகவே உலர்ந்தன.

ஆகஸ்டு. மழைக்கு முந்திய இருட்டு.
செம்பனைக் குலை லாரிகள் போய் ஓய்ந்து
ஆலையின் புளித்த வாடை
சன்னல் வழியே வந்து உட்கார்ந்திருந்தது.
மூன்றாம் வகுப்பு ஜோஷிகா
ஸ்டேப்ளர் கேட்டு வந்தாள்.
அவளிடம் கிழிந்த புத்தகம் எதுவுமில்லை.

"வேன் வந்துடுச்சே, போகலையா?"
"முன் சீட்டு வேணாம் டீச்சர்."
நான் டீச்சர் இல்லை. திருத்தவில்லை.

வெறுங்காகிதத்தில் அழுத்தினாள்.
டக்.
டக்.
"யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கதானே?"

எங்கள் வீட்டில் எனக்குக் கற்றுத்தந்த
எல்லா ஆறுதலும் ஒரு பொய்யில்தான் தொடங்கும்.
சொல்லமாட்டேன் கண்ணு,
நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"சொல்லுவேன்," என்றேன்.
"ரெண்டு பேருக்கு. யார் யாருன்னு உனக்கும் சொல்லுவேன்.
உன் மேல தப்பில்ல."

அவள் முகத்தில் ஏதோ
படாரென்று சாத்திக்கொண்டது.
வெளியே வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது.
மூன்றாம் முறை அடித்தபோது
ஸ்டேப்ளரை மேசையில் வைத்துவிட்டுச்
சொன்னாள்.

தூண்டிக் கேட்கக்கூடாது. கேட்கவில்லை.
பாரத்தின் கட்டங்கள் மலாயில்;
அவள் சொன்ன சொல்லுக்கு
அதில் கட்டம் இல்லை.
ஓரத்தில், தமிழில், அவள் சொன்னபடியே எழுதி
நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன்.
ஒன்று முப்பத்தெட்டு.

அவளை மைவியில் வீட்டில் விட்டார் தலைமையாசிரியை.
பிள்ளையைத் தனியே ஏற்றக்கூடாதென்று
என்னையும் ஏற்றிக்கொண்டார்.
வழி நெடுக யாரும் பேசவில்லை.
வைப்பர் மட்டும்.

வேன்காரர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்
துணைத் தலைவரின் மைத்துனர்.
இரவுக்குள் மூன்று அழைப்பு.
"தோட்டத்துப் பேரு கெட்டுடும்."
"சின்னப் பிள்ளை, எதையாவது உளறியிருக்கும்."
"உட்கார்ந்து பேசி முடிச்சுக்கலாம்."
தலைமையாசிரியை போனை ஒலிபெருக்கியில் வைத்தார்.
நான் ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்தேன்.
"எழுதிக்கிட்டிருக்கோம், சொல்லுங்க," என்றார்.
மூன்றாவது ஆள் பாதியில் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை சமூகநல இலாகா, அதன்பின் போலீஸ்.
இப்போது வேறு வேன் வருகிறது, கூடவே ஓர் அக்கா.
வழக்கு இன்னும் தேதி மாறிக்கொண்டிருக்கிறது.

ஜோஷிகா அலுவலகப் பக்கம் வருவதில்லை.
என்னைக் கண்டால்
கெண்டீன் பக்கமாகச் சுற்றிப் போகிறாள்.
அதற்கு நாற்பத்திரண்டு பக்கத்திலும் ஒரு வரி இல்லை,
சாம்பல் ஏழையும்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன்.

அந்த வெறுங்காகிதம் என் இழுப்பறையில்.
பதினொரு பின்.
கோப்பில் சேர்க்க வேண்டுமா என்று
இதுவரை யாரையும் கேட்கவில்லை.